பெயர், ஊர், தொழில்

(காந்தலில் நடைபெற்ற அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவின் மலரை ஆண்டுதோறும் அச்சிட்டுத் தருபவன் என்ற அளவில்தான் இந்த அறக்கட்டளை என்னை அறியும். கட்டுக் கட்டாக மலர்களை இறக்கி வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் அமர்ந்து செல்பவன் நான். இவ்வாண்டு அறங்காவலர்கள் என்னை மேடைக்கு அழைத்து, சிறு கடைக்காரர்களும் தொண்டு நிறுவனங்களும் அதிகச் செலவின்றித் தமக்கென ஓர் அடையாளத்தையும் இணையதளத்தையும் அமைத்துக்கொள்வது எவ்வாறு என்பது குறித்துப் பேசப் பணித்திருக்கிறார்கள். எழுத்துக்களைக் கையால் கோத்த காலத்தில் தொழிலுக்கு வந்து, இன்று கணினித் திரையில் எழுத்துக்களை அடுக்கிக்கொண்டிருப்பவன் என்பதே இதற்கு என்னிடமுள்ள தகுதி. அதனினும் பெரிய தகுதி ஒன்று உண்டு. பெயரில்லாமல் தொழில் செய்ததன் இழப்பை எங்கள் குடும்பம் அனுபவித்து அறிந்தது என்பதே அது.

எங்கள் தந்தையார் இதே காந்தலில் வர்க்கி சுட்டவர். விடியற்காலை மூன்று மணிக்கு விறகு அடுப்பை மூட்டி, முந்தைய நாளே புளிக்க வைத்த மாவைப் பிசைந்து, மடித்து, மீண்டும் மடித்து, அடுக்கடுக்காக உதிரும் பதத்தில் எடுப்பார். விடிந்ததும் அது மூங்கில் கூடையில் ஏறி ஊட்டிக் கடைத்தெருவிலுள்ள ஒரு கடைக்குப் போகும். அங்கே அந்தக் கடையின் பெயர் அச்சிட்ட உறையில் புகுந்துகொள்ளும். சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் அந்தக் கடையைத் தேடி வந்து வாங்கினார்கள். ஊருக்குப் போய் அந்தக் கடையின் பெயரையே சொன்னார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் இவ்வாறே நடந்தது. தந்தையார் நோயுற்றுப் படுத்தபோது கடைக்காரர் வேறோர் அடுப்பிலிருந்து சரக்கு எடுக்கத் தொடங்கினார். உறை மாறவில்லை, கடையில் கூட்டமும் குறையவில்லை. வர்க்கி சுட்டவர் மாறிவிட்டார் என்பதை வாங்கியவர் ஒருவரும் அறியவில்லை. கடைக்காரர்மீது குற்றமில்லை. அவர் தம் பெயரை உறையில் இட்டார். நாங்கள் எங்கள் பெயரை எங்குமே இடவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

அழகர்மலைக் கல்லில் உள்ள பாடம்

பெயரிட்டு வணிகம் செய்வது மேனாட்டார் கற்பித்த புதுமை என்று சிலர் கருதுகிறார்கள். அதற்கு மறுமொழி உங்கள் முன்னோர் வரலாற்றிலேயே இருக்கிறது. மதுரைக்கு அருகில் அழகர்மலைக் குகைத்தளத்தில், சமணத் துறவியர் தங்கிய கற்படுக்கைகளின் மேலே, தமிழ்பிராமி எழுத்துக்களில் பல பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பர் ஆய்வாளர். அந்தத் துறவியர்க்கு உறைவிடம் அமைக்கப் பொருள் தந்தவர்கள் யார்? ஒருவர் உப்பு வணிகர். ஒருவர் வெல்லப்பாகு விற்றவர். ஒருவர் ஏர்க்கொழு விற்றவர். ஒருவர் துணி விற்றவர். இன்னொருவர் மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லர். இன்றைய கணக்கில் அனைவரும் சிறு வணிகர்களே.

அவர்கள் அக்கல்லில் தம் புகழைப் பாடவில்லை. தம் பெயரைச் சொன்னார்கள். தம் தொழிலைச் சொன்னார்கள். சிலர் ஊரையும் சொன்னார்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் இன்னார், இன்ன தொழிலர் என்று நாம் அறிகிறோம்.

தாய்லாந்தின் தென்பகுதியில் கண்டெடுக்கப்பட்ட ஒரு சிறிய உரைகல்லையும் இங்கே நினைவுகூர விரும்புகிறேன். பொன்னின் மாற்றை உரசிப் பார்க்கும் அக்கல்லில், அது பெரும்பதன் என்பவருடைய கல் என்று தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டினது என்பர். கடல் கடந்து போன பொற்கொல்லர் ஒருவர் தம் கருவியின்மீது தம் பெயரை எழுதி வைத்தார். அயல்நாட்டுச் சந்தையில் அவருக்கு வேறு என்ன முகவரி இருந்திருக்க முடியும்?

பெயர், ஊர், தொழில் ஆகிய இம்மூன்றும் தெளிவாக இருந்தால் அடையாளத்தின் பெரும்பகுதி அமைந்துவிட்டது. வண்ணமும் வடிவமும் அதன்மேல் உடுத்தும் ஆடைகள் மட்டுமே. என்னிடம் வருகிறவர்களில் பலர் ஆடையைப் பற்றியே முதலில் பேசுகிறார்கள். "நல்லதாக ஒரு லோகோ போட்டுக் கொடுங்கள்" என்கிறார்கள். "என்ன விற்கிறீர்கள், யாருக்கு விற்கிறீர்கள், அடுத்த கடைக்காரர் தராத எதை நீங்கள் தருகிறீர்கள்?" என்று நான் கேட்டால் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தீரும் வரை ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள்.

அடையாளம் என்பது வாக்குறுதி

இந்த அவையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு ஓர் அடையாளத்தை நான் விளக்க வேண்டியதில்லை. கடையில் ஒரு பொட்டலத்தை எடுத்தவுடன் உங்கள் கண் முதலில் தேடுவது சதுரத்துக்குள் இருக்கும் பச்சைப் புள்ளியைத்தான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அதைக் கண்டால் நம்பி வாங்குகிறார். அந்தப் புள்ளியை வரைவதற்கு எந்த ஓவியரும் தேவையில்லை. அதன் பின்னால் நிற்கும் வாக்குறுதிதான் அதற்கு மதிப்பைத் தருகிறது. அந்தப் புள்ளி ஒரு நாள் பொய் சொன்னால் உங்கள் மனம் எவ்வளவு புண்படும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் கடைப்பெயரும் உங்கள் வாடிக்கையாளருக்கு அத்தகையதுதான்.

வாக்குறுதி உண்மையாக இருந்தால் பெயருக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. மும்பை கிர்காவில் 1959-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் பெற்று, தங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். முதல் நாளில் இட்டவை நான்கு பொட்டலங்கள். 1962-இல் தங்கள் அப்பளத்துக்குப் பெயர் வைப்பதற்கு ஒரு போட்டி நடத்தினார்கள். பரிசுத் தொகை ஐந்து ரூபாய். அதில் தேர்வானதுதான் குஜராத்தி மொழியில் சுவை என்று பொருள்படும் லிஜ்ஜத். இன்று இந்நாடெங்கும் அறிந்த அப்பெயரின் விலை ஐந்து ரூபாய்! எஞ்சிய மதிப்பை ஈட்டித் தந்தவை, ஆயிரக்கணக்கான பெண்களின் கைகள் ஒரே தரத்தில் இட்ட அப்பளங்கள்.

மலையின் பெயரும் கடையின் பெயரும்

நம் மலைக்கு வருவோம். நீலகிரியின் சிறு தேயிலை விவசாயி பச்சைத் தேயிலையைப் பறித்துத் தொழிற்சாலைக்குத் தருகிறார். அது தூளாகி, 1963 முதல் குன்னூரில் நடந்துவரும் ஏலத்துக்குச் சென்று, எங்கோ ஒரு பெருநிறுவனத்தின் கலவையில் சேர்ந்து, அந்த நிறுவனத்தின் பெயரில் விற்கிறது. எங்கள் தந்தையாரின் வர்க்கிக்கு நேர்ந்ததே இத்தேயிலைக்கும் நேர்கிறது. பெயரில்லாத பொருளுக்கு விலையைப் பிறர்தாம் வைப்பார்கள். சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் 1965-இல் இண்ட்கோசர்வ் என்ற இணையமாகத் திரண்டதும், அந்த இணையத்தின் தேயிலை 'ஊட்டி டீ' என்ற பெயரில் நியாயவிலைக் கடைகளுக்குச் சென்றதும், இந்நிலையை ஒரு சிறிதேனும் மாற்றும் முயற்சிகளே.

கோத்தகிரியில் இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. 1993-இல் தொடங்கப்பெற்ற கீஸ்டோன் அறக்கட்டளை, பழங்குடி மக்கள் காட்டிலிருந்து எடுக்கும் தேனுக்குச் சந்தை அமைத்துத் தந்தது. அம்முயற்சியிலிருந்து பிறந்த 'லாஸ்ட் ஃபாரஸ்ட்' என்னும் வணிகப் பெயரில் தேனும் தேன்மெழுகும் பிறவும் இன்று விற்கப்படுகின்றன. தொண்டு நிறுவனத்துக்கு வணிகப் பெயர் எதற்கு என்று கேட்போருக்கு அந்தத் தேன் புட்டியே விடை சொல்லும்.

ஊருக்கே பொதுவான பெயரைக் காப்பதற்குப் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாட்டின் முதற்பதிவு 2004-இல் டார்ஜிலிங் தேயிலைக்குக் கிடைத்தது. நம் மலையில் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலையின் சின்னமும், 2013-இல் தோடர் பூத்தையலும், 2023-இல் ஊட்டி வர்க்கியும் அப்பதிவைப் பெற்றன. வர்க்கி செய்திக்குப் பட்டாசு வெடித்தவர்கள் உண்டு. ஆனால் பதிவுக்குப் பின் செய்ய வேண்டிய பணியை நம்மில் பலர் அறியவில்லை. அப்பெயரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று தம்மைத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். 2020-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி அதற்கான விண்ணப்பக் கட்டணம் வெறும் பத்து ரூபாய். ஒரு தேநீரின் விலைக்கு, ஊரின் பெயரை உரிமையோடு உறையில் இடலாம்.

எனினும் 'ஊட்டி வர்க்கி' என்பது எல்லோருக்கும் பொதுப்பெயர். அதை மட்டும் இட்டால், நன்றாகச் சுட்டவரும் ஏனோதானோவென்று சுட்டவரும் ஒன்றாகிவிடுவர். ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரும் நிற்க வேண்டும். அந்தப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யத் தனிநபர்களும் சிறு நிறுவனங்களும் இணையவழியில் செலுத்த வேண்டியது, ஒரு பொருள் வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். அதே பெயரை வேறொருவர் முன்பே பதிந்திருக்கிறாரா என்று பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்கக் கட்டணமே இல்லை. பெயர்ப்பலகை எழுதக் கொடுப்பதற்கு முன்பு இந்தத் தேடலைச் செய்துவிடுங்கள். பிறர் பெயரைப் போலவே ஒலிக்கும் பெயரை வேண்டுமென்றே வைத்துக்கொள்வது, கொடுக்காததை எடுத்துக்கொள்வதற்கு ஒப்பாகும். கள்ளாமையை விரதமாகக் கொண்டவர்களுக்கு இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

எதற்குச் செலவிடுவது, எதற்குச் செலவிடாமல் இருப்பது

செலவைப் பற்றிச் சொல்கிறேன். எழுத்துருவுக்குக் காசு வேண்டாம். முக்தா மலர், கேட்டமரான், மீரா இனிமை, நோட்டோ சான்ஸ் தமிழ் முதலிய நல்ல தமிழ் எழுத்துருக்கள், வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லாத திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், பலகையிலும், ரசீதிலும், உறையிலும், இணையத்திலும் அதையே இடுங்கள். இரண்டு வண்ணங்கள் போதும். ஒன்று அடர்த்தியாக இருக்கட்டும். நம் ஊர் மூடுபனியில் வெளிர் மஞ்சள் எழுத்தைப் பத்தடித் தொலைவில் படிக்க முடியாது. பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது அரசின் விதி. அந்தத் தமிழில் ஒற்றுப்பிழை இல்லாதிருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வரைகலை அறிந்தவருக்குப் பத்தாயிரம் கொடுத்துவிட்டுப் பிழை திருத்துபவருக்கு நூறு ரூபாய் கொடுக்காமல் விட்ட பலகைகள் நம் கடைத்தெருவில் எத்தனையோ உண்டு.

உறைக்குப் பல வண்ண அச்சு வேண்டுமென்பதில்லை. நீலகிரி மாவட்டம், தமிழகம் முழுவதும் தடை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, பிளாஸ்டிக் பைகளை விலக்கத் தொடங்கிய மாவட்டம். 2019 சனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுவதும் தடை. ஆகவே காகித உறைக்கு நாம் பழகிவிட்டோம். பழுப்புக் காகித உறையில் தெளிவான ஒரு ரப்பர் ஸ்டாம்பு முத்திரை விழுந்தால் அதுவே அழகு. சில நூறு ரூபாயில் அடையாளம் தயார். பல வண்ண உறையை ஐயாயிரம் எண்ணிக்கையில் அச்சிட்டு, தொலைபேசி எண் மாறியதால் அத்தனையையும் எடைக்குப் போட்டவர்களை நான் அறிவேன். அச்சகத்தான் இதைச் சொல்வது தொழிலுக்கு நல்லதன்று; ஆயினும் உண்மை.

உணவுப் பொருளாக இருந்தால் உறையில் இருந்தே தீர வேண்டியவை சில உண்டு. தயாரித்தவரின் பெயரும் முழு முகவரியும், நிகர எடை, தயாரித்த நாள், எத்தனை நாளுக்குள் உண்ண வேண்டும் என்ற குறிப்பு, சேர்த்த பொருள்கள், அதிகபட்ச விலை, குறை சொல்வதற்கான தொலைபேசி எண், எஃப்எஸ்எஸ்ஏஐ வழங்கிய பதினான்கு இலக்க எண், பச்சைப் புள்ளி ஆகியன முதன்மையானவை. இவற்றைச் சட்டத்தின் சுமையாகவே பலர் கருதுகிறார்கள். என் கணக்கில் இவைதாம் உண்மையான விளம்பரம். 'உலகத் தரம்', 'நம்பர் ஒன்' என்ற சொற்களைக் கண்டு வாங்குவோர் இல்லை. எடையும் நாளும் முகவரியும் தெளிவாக இருந்தால், "இவர் ஒளிந்துகொள்ளவில்லை" என்று வாங்குபவர் மனம் தானே நம்பும்.

இணையதளம்: வீடும் பட்டாவும்

இப்பொழுது இணையதளம். 2024 மே மாதம் முதல் நம் மலைக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். ஊட்டிக்கு வருகிறவர் புறப்படுவதற்கு முன்பே தம் கைப்பேசியைத் திறந்து ஊட்டியின் பெயரைத் தேடுகிறார் என்பது இதன் பொருள். அந்த நேரத்தில் உங்கள் பெயரும் அவர் கண்ணில் பட வேண்டும். அதற்கான முதற்படிக்குச் செலவே இல்லை. கூகுள் வரைபடத்தில் உங்கள் கடையைக் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். திறக்கும் நேரம், மூடும் நாள், தொலைபேசி எண், நீங்களே எடுத்த நான்கு புகைப்படங்கள் போதும். பலருக்கு இதுவே போதுமானது, இணையதளமே தேவைப்படாது. தேவையில்லாதவருக்கு நான் தளம் செய்து தருவதில்லை.

தேவைப்படுவோருக்கு ஒரே பக்கம் போதும். யார், எங்கே, என்ன, எப்படித் தொடர்பு கொள்வது என்ற நான்கையும் அப்பக்கம் சொல்ல வேண்டும். கனமான படங்களை ஏற்றாதீர்கள். மழைக்காலத்தில் அலைவரிசை தடுமாறும் எமரால்டிலும் மஞ்சூரிலும் பக்கம் திறக்க வேண்டும். 2003 முதல் இலவச மென்பொருளாகக் கிடைக்கும் வேர்டுபிரஸ் இதற்குத் தாராளமாகப் போதும். டொமைன் என்று வழங்கும் தள முகவரிக்குப் பொதுவாக ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டிய தொகைதான் ஆகும். தளத்தை வைத்திருக்கும் இடத்துக்கு வாடகை தனி. சிறிய தளத்துக்கு ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் முடியும்.

இங்கே எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் செயலாளராக இருந்த ஒரு சிறிய மன்றம், ஏழை மாணவர்க்குப் பள்ளிக் கட்டணம் செலுத்தி வந்தது. அறிமுகமான ஒருவர் எங்களுக்கு அழகிய தளம் ஒன்றை அமைத்துத் தந்தார். முப்பத்தைந்தாயிரம் கொடுத்தோம், மகிழ்ந்தோம். முகவரியை அவர் தம் பெயரிலேயே வாங்கியிருந்தார்; கடவுச்சொல்லும் அவரிடமே இருந்தது. நான் அதைக் கேட்டு வாங்கவில்லை. மூன்றாண்டுகளில் அவர் தொழிலை விட்டு வெளியூர் போய்விட்டார். புதுப்பிக்கும் அறிவிப்பு அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போயிற்று. முகவரி காலாவதியானது, முன்பின் தெரியாத யாரோ அதை வாங்கிச் சூதாட்ட விளம்பரங்களை அதில் ஏற்றினார்கள். எங்கள் நன்கொடை ரசீதுப் புத்தகங்கள் அனைத்திலும் அந்த முகவரி அச்சாகியிருந்தது; அச்சிட்டவனும் நானே. பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், ஆண்டுதோறும் ஓய்வூதியத்திலிருந்து அனுப்புபவர், அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நம் மன்றம் என்னவாயிற்று?" என்றார். வேறு ஒன்றும் அவர் சொல்லவில்லை. அவ்வாண்டு நன்கொடை பாதியாகக் குறைந்தது. கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கு நானே சென்று சொல்ல வேண்டியிருந்தது. என் தொழில் வாழ்வில் நான் மறக்க முடியாத நாள்கள் அவை.

ஆகவே பெரியோர்களே, இந்த உரையில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதீர்கள். வீட்டைக் கட்டியவர் கொத்தனார். பட்டா உங்கள் பெயரில் இருக்க வேண்டும். தள முகவரி உங்கள் கடை அல்லது அறக்கட்டளையின் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகட்டும். கடவுச்சொல் இருவரிடம் இருக்கட்டும். புதுப்பிக்கும் நாளைக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள். சின்னத்தின் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி வையுங்கள். வெறும் படமாக அன்றி, எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத கோப்பாக அது இருக்க வேண்டும். இவற்றைத் தரத் தயங்குபவர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் அவரிடம் வேலை கொடுக்காதீர்கள். மலிவு வேறு, சிக்கனம் வேறு.

அறநிலையங்களுக்குத் தனியே ஒரு சொல்

கடைக்கு வருபவர் பொருளைக் கையில் வாங்கிச் செல்கிறார். பிடிக்காவிட்டால் அடுத்த முறை வரமாட்டார். அறநிலையத்துக்குக் கொடுப்பவர் கையில் ஒன்றும் வாங்கிச் செல்வதில்லை. நம்பிக்கை ஒன்றே அவருக்குக் கிடைப்பது. ஆதலால் அறநிலையத்தின் இணையதளத்தில் முதலில் இருக்க வேண்டியது கணக்கு. பதிவு எண், வருமானவரித் துறையின் வரிச்சலுகை அனுமதி விவரம், அறங்காவலர் பெயர்கள், சென்ற ஆண்டின் தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவு, நன்கொடையாளருக்குச் சான்றிதழ் எப்போது வரும் என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் இடுங்கள். க்யூஆர் குறியை இடும்போது, பணம் செலுத்துகையில் திரையில் தோன்றும் பெயர் அறக்கட்டளையின் பெயராக இருக்கிறதா என்று சரிபாருங்கள். பொருளாளரின் சொந்தப் பெயர் தோன்றினால், அவர் எவ்வளவு நேர்மையாளராயினும், கொடுக்க வந்த கை நின்றுவிடும்.

உதவி பெறுபவரின் முகத்தைப் படமெடுத்து இடுவதைத் தவிர்க்க வேண்டுகிறேன். அரிசி மூட்டையைப் பெறும் மூதாட்டியின் படம் நமக்கு விளம்பரம். அவருக்கோ அது தம் பேரப்பிள்ளைகள் என்றென்றும் காணப்போகும் ஒரு படம். கைகளைக் காட்டலாம், கட்டிய வகுப்பறையைக் காட்டலாம், எண்ணிக்கையைக் காட்டலாம். பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களுக்குக் கூகுளும் கேன்வாவும் தம் சேவைகளைக் கட்டணமின்றி வழங்குகின்றன. விண்ணப்பித்துப் பொறுமையாகக் காத்திருந்தால் கிடைக்கும். அதைவிட்டுத் திருட்டு மென்பொருளில் அறப்பணியின் அறிவிப்பைத் தயாரிப்பது பொருந்தாது.

ஒரு விண்ணப்பம்

நிறைவாக, இந்த அறக்கட்டளைக்கு ஒரு விண்ணப்பம். இங்கே கணினி கற்ற இளைஞர்கள் நிறைய இருக்கிறீர்கள். குருசடிக்குப் போகும் வழியிலும், காசி விசுவநாதர் கோயில் தெருவிலும், காந்தல் முக்கோணத்திலும் பெயரில்லாமல் தொழில் செய்கிற தையல்காரர், அடுப்புக்காரர், தேன் விற்பவர், ஊறுகாய் போடும் பெண்கள் குழுவினர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்த மண்டபத்தில் ஒரு மேசையைப் போடுங்கள். வருகிறவர் எந்தச் சமயத்தவர் என்று கேளாமல், வரைபடத்தில் கடையைப் பதிந்து கொடுங்கள். உறைக்குரிய விவரங்களை எழுதிக் கொடுங்கள். வர்க்கி சுடுபவருக்கு அந்தப் பத்து ரூபாய் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். எழுத்து வடிவமைப்பை நான் கட்டணமின்றிச் செய்து தருகிறேன். முத்திரை செய்யும் செலவை மட்டும் அவரவர் ஏற்றுக்கொள்ளட்டும். தாம் காசு கொடுத்த பொருளைத்தான் மனிதர் பேணுவர்.

எங்கள் வீட்டுக் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். தந்தையார் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின் என் தம்பி அதே அடுப்பை மீண்டும் மூட்டினான். நான் அவனுக்கு ஒரு முத்திரை செய்து கொடுத்தேன். தந்தையாரின் பெயர், காந்தல், வர்க்கி, அதன் கீழே ஒரு தொலைபேசி எண். வேறு அலங்காரம் இல்லை. மூன்று வாரம் கழித்து அந்த எண்ணுக்கு முதல் அழைப்பு வந்தது. ஈரோட்டிலிருந்து ஒருவர், வர்க்கி நமுத்துப் போயிருந்தது என்று கடிந்துகொண்டார். தம்பி மன்னிப்புக் கேட்டு, வேறு பொட்டலம் அனுப்புவதாகச் சொல்லி, தொலைபேசியை வைத்துவிட்டுச் சிரித்தான். கண் கலங்கியிருந்தது. "அண்ணா, அப்பாவுக்கு இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு குறைகூட வந்ததில்லை, ஏனென்றால் அவரை யாருக்கும் தெரியாது" என்றான்.

குறையைச் சொல்வதற்கேனும் ஒருவர் நம்மைத் தேடி வர ஒரு பெயர் வேண்டும். குறை வந்தால்தான் நிறைவு செய்ய முடியும். அழகர்மலைக் கல்லில் பெயரைப் பொறித்த அந்த உப்பு வணிகரைப் போல, நாமும் நம் பெயரையும் ஊரையும் தொழிலையும் அஞ்சாமல் எழுதி வைப்போம். எழுதிய பெயருக்கு ஏற்ப நடப்போம்.